எந்த அலமாரி

டுலூத்தில் ஏப்ரல் வரை ஏரி உறைந்து கிடக்கும்.
அதனால் இங்கே ஆளுக்கொரு பைத்தியம்.
வெர்ன் பனியில் துளையிட்டு மீனுக்குக் காத்திருப்பான்.
நான் டிஸ்க் சேர்க்கிறேன்.

மூன்று அலமாரிகள்.
முதலாவதில் ராக்கெட்டுகள்:
அட்டையில் வெட்டிய நிலா, நூல் தெரியப் பறக்கும் தட்டு,
செவ்வாயில் இறங்கியதும் சிகரெட் பற்றவைக்கும் கேப்டன்கள்.
இரண்டாவதில் பேய்.
மூன்றாவதில், பிணத்தின் பக்கத்தில் நின்று
சிரிக்கக் கூடாத நேரத்தில் சிரிக்க வைப்பவை.
ஒன்றிலிருந்து ஒன்றுக்கு எதுவும் தாவக் கூடாது.
என் வாழ்க்கையில் சட்டம் செல்லுபடியாகும் ஒரே இடம் அது.

எல்டன் க்ரோக்ஸ்டாட் இறந்தபின் நடந்த வீட்டு விற்பனையில்
மூன்று வாழைப்பழப் பெட்டிகளில் இருநூற்றுப் பன்னிரண்டு,
அறுபது டாலர்.
பனிவண்டியையும் எடுத்துக்கொள் என்றான் மருமகன்.
அதை யார் தூசி துடைப்பது?

ஒவ்வொரு உறைக்குள்ளும் ஒரு துண்டுச் சீட்டு, பென்சிலில்.
"நவம்பர் 9. மார்லிஸோடு. இரண்டு முறை அலறினாள்."
"மார்லிஸோடு. வேற்றுக்கிரகவாசியின் முதுகில் ஜிப் தெரிகிறது என்றாள். தெரிகிறது."
"மார்லிஸோடு. மின்சாரம் போனது. முடிவை நானே சொன்னேன்."
அப்புறம்
"தனியாக."
"தனியாக."
"தனியாக. ஒலி சுமார்."

ஒரே ஒரு உறை காலி.
செத்துப்போன மேயர் மறுபடி தேர்தலில் ஜெயிக்கும் படம்.
மறுபதிப்பு கிடையாது. பன்னிரண்டு வருஷமாகத் தேடுகிறேன்.
உள்ளே சீட்டு மட்டும்.
இருந்தாலும் உறையை ஆட்டிப் பார்த்தேன்.

மார்லிஸ் பாலத்துக்கு அந்தப் பக்கம்,
சுப்பீரியரில், ஒரு சலூனுக்கு மேல்மாடியில் இருந்தாள்.
"அவன் கேட்டு அனுப்பினானா?"
இறந்துவிட்டார் என்றேன்.
"அப்போ அனுப்பியிருக்க மாட்டான்.
உள்ளே வா, டோரீன். பூட்ஸைக் கழற்று."

டிஸ்க் பிளேயருக்குள்ளேயே இருந்தது.
பதினான்கு வருஷமாகத் தட்டு திறக்கவில்லை.
மேலே ஒரு கள்ளிச்செடி.

அன்றைக்கு, சவப்பெட்டி திறந்து
மேயரின் கை ஓட்டுச் சீட்டுக்கு நீளும் இடத்தில்
இவள் சிரித்திருக்கிறாள்.
எல்டன் படத்தை நிறுத்திவிட்டார்.
இது பேய்ப்படம் என்று அவர். காமெடி என்று இவள்.
விடியும்வரை போனது.
அவருடைய அம்மா, வீட்டுக் கடன், வேண்டாமென்ற பிள்ளை,
எல்லாம் எந்த அலமாரி என்ற கேள்விக்குள் ஏறிக்கொண்டன.
காலையில் பிளேயரை அப்படியே தூக்கிக்கொண்டு கிளம்பினாள்,
ஒயர் தரையில் இழுபட.

என் பையில் எப்போதும் பேப்பர் கிளிப் இருக்கும்.
நிமிர்த்தி, முகப்பின் ஊசித்துளையில் விட்டால்
எப்பேர்ப்பட்ட பிடிவாதமும் நாக்கை நீட்டும்.
நீட்டியது. ஒரு கீறல் இல்லை.
பாலேடு கலையாமல் கிண்ணத்தை நகர்த்துவதுபோல
ஓரத்தை மட்டும் பிடித்து எடுத்தேன்.
இருபது டாலர் என்றேன். ஐம்பது என்றேன்.
"போட்டுப் பார்ப்போம், அப்புறம் பேசு."

எழுபத்தோராம் நிமிடம். சவப்பெட்டி. கை.
சிரித்தது நான்தான்,
மூக்கு வழியாக, காப்பியோடு.
மார்லிஸ் ரிமோட்டை எடுத்து நிறுத்தினாள்.
கை பாதியில் நின்றது.
தெருவில் பனி வாரும் லாரி பின்னோக்கிப் போகும் சத்தம்.
"கடிகாரத்தைப் பார்," என்றாள்.
"எல்டனும் உள்பக்கமாகத்தான் கட்டுவான்."

டிஸ்கைத் தரவில்லை. உறையைக் கேட்டாள்.
சீட்டை விளக்கருகே கொண்டுபோனாள்,
கண்ணாடி இல்லாமல், கைக்கெட்டும் தூரத்தில் பிடித்து:
"பிப்ரவரி 20. மார்லிஸோடு. சிரித்தாள்.
இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்."

பாலத்தில் திரும்பும்போது
இருநூற்றுப் பதினொன்று, இருநூற்றுப் பதினொன்று என்று
சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.
பேப்பர் கிளிப்பையும் அவள் திருப்பித் தரவில்லை.